கிழித்த நான்கு தாள்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ஒஹையோவில் ஞாயிறுதோறும் நடக்கும் நம் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து என் மகன் காரில் ஏறியபோது அவன் நோட்டில் நான்கு தாள்கள் இல்லை. ஸ்பைரல் கம்பியில் காகிதத் துணுக்குகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வீடு வந்து சேரும்வரை அவற்றை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தான். என்னப்பா ஆச்சு என்று இரண்டு தடவை கேட்ட பிறகு, "படம் வரைஞ்சேன், டீச்சர் கிழிச்சிட்டாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவே உங்கள் சுற்றறிக்கை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வகுப்பு நேரத்தில் படம் வரைந்தால் தாள் பறிமுதல் செய்யப்படும். பின்வரிசை அலமாரியில் இருந்த காமிக்ஸ் புத்தகங்கள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆண்டு மலருக்குப் பிள்ளைகள் கொடுத்த படக்கதைகள் "தமிழ் கற்றலுக்குத் தொடர்பில்லாதவை" என்பதால் சேர்க்கப்படாது. மூன்று முடிவுகள், எட்டு வரி. காரணம் என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது: கவனச்சிதறல்.

மறுநாள் குழுவில் இரண்டு பேரிடம் போனில் பேசினேன். குழு எடுத்த முடிவு, மாற்ற முடியாது என்றார்கள். அதனால்தான் எல்லாப் பெற்றோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அந்த நான்கு தாள்களில் என்ன இருந்தது என்று உங்களில் யாராவது படித்துப் பார்த்தீர்களா? முதல் இரண்டை அவன் முந்தைய வாரமே வரைந்திருந்தான். மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கு அனுப்ப போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மீதி இரண்டையும் அவன் வாயால் சொல்லக் கேட்டேன். விண்வீரன் வேலு என்று ஒருவன். இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு கப்பலில் போகிறான். எரிபொருள் தீர்ந்துபோய் ஒரு கிரகத்தில் இறங்குகிறான். அந்தக் கிரகத்துக்கு மூன்று நிலாக்கள். ஒன்றின் மேல் ல, இன்னொன்றின் மேல் ள, மூன்றாவதன் மேல் ழ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆறு கைகளோடு ஒரு பூதம் வந்து நிற்கிறது. "எனக்கு உன் தலை வேண்டும்!" என்கிறது. வேலு துப்பாக்கியை எடுக்கிறான். அடுத்த கட்டத்தில் பூதம் அழுகிறது. "தலை இல்லை, தழை! எனக்குப் பசி!" வேலு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையை எல்லாம் எடுத்துக் கொடுக்கிறான்.

அந்த வாரப் பாடம் என்ன என்று பாடத்திட்டத்தில் நீங்களே பார்க்கலாம். லகர, ளகர, ழகர வேறுபாடு. தலை, தழை. வலி, வழி. மலை, மழை. கரும்பலகையில் அன்று எழுதிப்போட்ட சொற்களில் முதல் ஜோடியே அதுதான் என்று வீட்டுப்பாடத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதே தாளில் இன்னொன்றும் இருந்தது. கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்ன இருபது சொற்களில் என் மகன் ஒன்பதைத் தப்பாக எழுதியிருந்தான். இரண்டு வருடமாக அவனுக்கு மழை என்பது "மளை"தான். வாழைப்பழத்தை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன் என்று கணக்கில்லை. ஆனால் அவன் வரைந்த கட்டங்களில் தலையும் தழையும் ஒரு இடத்தில்கூட மாறவில்லை. மாறினால் கதையே இல்லை என்பது அவனுக்குத் தெரியும். பூதம் ஏன் அழுகிறது என்று பாட்டிக்குப் புரிய வேண்டுமானால் எழுத்து சரியாக இருக்க வேண்டும். அதற்காக அவன் ஒரு சொல்லை மூன்று முறை அழித்து எழுதியிருந்த தடம் போன் படத்திலேயே தெரிகிறது. பயிற்சித் தாளில் அவன் எதையும் அழித்துத் திருத்தவில்லை.

இதைத்தான் தமிழ் கற்றலுக்குத் தொடர்பில்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவனுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்த புத்தகங்களில் இரண்டு நான் கொடுத்தவை. கால்வின் அண்ட் ஹாப்ஸ் தொகுப்புகள். 1985 நவம்பரில் தொடங்கி 1995 டிசம்பர் 31 வரை அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த சித்திரத் தொடர். மொத்தம் 3,160 படக்கதைகள். ஒரு காலத்தில் 2,400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வெளியானது. கால்வினுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கற்பனையில் ஸ்பேஸ்மேன் ஸ்பிஃப் என்ற விண்வெளி வீரன் ஆகிவிடுவான். கண்ணில் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கண்ணாடிக் குமிழ் வைத்த சிவப்புப் பறக்கும் தட்டு. யாரும் கால் வைக்காத கிரகத்தில் விழுவான், பூதங்களிடம் சிக்குவான். கடைசிக் கட்டத்தில் பார்த்தால் அவன் கரும்பலகை முன்னால் நிற்பான், ஆசிரியை கேள்விக்குப் பதில் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் படங்களை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வகுப்பறைக் கட்டத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் வெற்று வெள்ளை. கிரகத்துக் கட்டத்தில் செங்குத்தான பாறைகள், வளைவுகள், நீண்ட நிழல்கள். அந்த நிலப்பரப்பை, தொடரை வரைந்த பில் வாட்டர்சன் தெற்கு யூட்டா பாலைவனத்தைப் பார்த்து வரைந்தார். பிள்ளையின் மனம் எந்த இடத்தில் முழுசாக இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

ஒரு கதையில் கணக்குத் தேர்வு. 6 + 5 எவ்வளவு? கால்வின் உடனே விண்வெளிக்குப் போய்விடுகிறான். ஆறாம் எண் கிரகத்தை இழுத்து வந்து ஐந்தாம் எண் கிரகத்தின் மேல் மோதவிட்டுப் பார்க்கிறான். ஐந்து பொடிப்பொடியாகிவிடுகிறது, ஆறு மிஞ்சுகிறது. தாளில் 6 என்று எழுதிவிட்டுப் போகிறான். விடை தப்புதான். ஆனால் கூட்டல் என்றால் இரண்டு பொருள்கள் ஒன்று சேர்வது என்பது அவன் மண்டையில் இருக்கிறது. சேர்ந்தால் என்ன ஆகும் என்று தானே யோசித்திருக்கிறான். அந்த இடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, இரண்டும் உடையாமல் ஒட்டிக்கொண்டால்?" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் பதினொன்று வந்திருக்கும். எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

குழுவில் ஒருவர் போனில் சொன்ன இன்னொரு காரணம், அந்தப் புத்தகத்தில் ஆசிரியையைப் பூதமாக வரைந்திருக்கிறார்கள், நம் பண்பாட்டுக்கு அது சரிப்படாது என்பது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. என் மகன் தன் ஆசிரியையை மரியாதைக் குறைவாகப் பேசினால் நானும் பொறுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வாட்டர்சன், மிஸ் வார்ம்வுட் என்ற அந்த ஆசிரியை மேல் தனக்கு நிறையப் பரிவு உண்டு என்று எழுதியிருக்கிறார். ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டு, அலுத்துப்போய், மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலை பார்க்கிற ஒரு பெண்ணாகத்தான் அவர் வருகிறார். பூதமாகத் தெரிவது கால்வின் கண்ணுக்கு மட்டும். படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் தெரியும், தெரிந்தே சிரிக்கும். என் மகன் ஒரு நாள் அந்தப் பக்கத்தைக் காட்டி, "அம்மா, டீச்சர் பாவம்" என்றான். மரியாதை குறைந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்குமா?

இப்போது நான் சொல்லப்போவதைக் குழுவில் எல்லோரும் தயவுசெய்து நின்று படியுங்கள்.

வாட்டர்சன் வளர்ந்தது நாம் இருக்கும் இதே ஒஹையோ மாநிலத்தில்தான். கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் ஷக்ரின் ஃபால்ஸ். படித்த கென்யன் கல்லூரியும் இங்கேதான். ஸ்பேஸ்மேன் ஸ்பிஃப் எப்படிப் பிறந்தான் என்று 1995ல் வந்த பத்தாம் ஆண்டுத் தொகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் மொழி வகுப்புக்காக அவர் ஒரு படக்கதை வரைந்தார். ரவும்ஃபாரர் ரோல்ஃப் என்று பெயர், அதாவது விண்வெளிப் பயணி ரோல்ஃப். அந்த ரோல்ஃப்தான் பிறகு ஸ்பிஃப் ஆனான். ஸ்பிஃப்பை நாயகனாக வைத்து அவர் அனுப்பிய தொடரை முதலில், செய்தித்தாள்களுக்குச் சித்திரத் தொடர் வழங்கும் நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. கடைசியில் அவன் ஆறு வயதுப் பையன் ஒருவனின் தலைக்குள் போய்க் குடியேறினான்.

மொழி வகுப்பு. வேற்றுமொழி ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த பையன். அவனுக்கு ஜெர்மனில் எத்தனை சொற்கள் தெரிந்திருக்கும்? நம் பிள்ளைகளுக்குத் தமிழில் தெரிந்த அளவுதான் இருக்கும். தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு அவன் விண்வெளிக்குப் போனான். அந்தத் தாளை யாரும் கிழித்துப் போட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

2014ல் கொலம்பஸ் நகரில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் வாட்டர்சனின் மூலப் படங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். தன் படங்களை அவர் அங்கேதான் ஒப்படைத்திருக்கிறார். அப்போது என் மகன் பிறந்திருக்கவில்லை. நானும் கணவரும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தோம். அச்சில் பார்த்த கோடு வேறு, தாளில் பார்த்த கோடு வேறு. தூரிகை எந்த இடத்தில் அழுந்தியது, எந்த இடத்தில் மெல்லிசாக இழுபட்டது என்று தெரிந்தது. ஒவ்வொரு தாளையும் சட்டம் போட்டு, மங்கலான வெளிச்சத்தில், வெயில் படாமல் வைத்திருந்தார்கள். வகுப்பில் கனவு கண்ட ஒரு சிறுவனைப் பற்றிய தாள்கள் அவை. போன ஞாயிறு அந்த ஸ்பைரல் கம்பியைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகம் வந்தது.

நம் ஊர்ப் பக்கம் இதெல்லாம் பழக்கமில்லை என்றும் சொல்ல முடியாது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது 1972ல். இரும்புக்கை மாயாவியைத் தமிழில் படித்த தலைமுறை அது. என் அண்ணன் பழைய இதழ்களை வாடகைக்கு எடுத்துப் புவியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பான். நான் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துத்தான் வேகமாகத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டேன், ஏனென்றால் நான் முடிப்பதற்குள் அவன் பக்கத்தைத் திருப்பிவிடுவான். குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேராவது போன பொங்கல் விழாவில் மாயாவியைப் பற்றி அரை மணி நேரம் பேசினீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குக் கிடைத்ததை ஏன் பிள்ளைகளுக்கு மறுக்கிறீர்கள்?

ஆசிரியர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. இதே பள்ளியில் இரண்டு வருடம் நான் உதவி ஆசிரியையாக இருந்தவள். சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். அதில் இருபது பிள்ளைகள். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவன் தலையைக் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தால் கோபம் வரும், எனக்கே வந்திருக்கிறது. அவனைக் கூப்பிட்டு நிறுத்துவதும் கேள்வி கேட்பதும் ஆசிரியையின் உரிமை. கால்வினையும் ஒவ்வொரு தடவையும் அவன் ஆசிரியை தரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். அதில் எனக்குக் குறையே இல்லை.

என் குறை, அவன் வரைந்ததைப் படிக்காமல் கிழித்ததிலும், அதையே விதியாக எழுதிவைத்ததிலும்தான்.

கை கிறுக்கினால் காது கேட்காது என்பதும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை இல்லை. பிரிட்டனில் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 2009ல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டினார். பாதிப் பேரைக் காகிதத்தில் இருந்த வடிவங்களுக்குள் தீட்டிக்கொண்டே கேட்கச் சொன்னார். தீட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. வடிவத்துக்குள் தீட்டுவதும் கதை வரைவதும் ஒன்றில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் வரைகிற பிள்ளை எல்லாம் கவனிக்காத பிள்ளை என்று முடிவு கட்டும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அன்று என் மகனிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைக்கும் தழைக்கும் வித்தியாசம் சொல்லியிருப்பான்.

அவன் வகுப்பில் போன வருடம் இருந்த மூன்று பிள்ளைகள் இந்த வருடம் வரவில்லை. மூன்று வீட்டிலும் கேட்ட பதில் ஒன்றுதான்: பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அழுகிறது. என் மகன் இதுவரை அழுததில்லை. கார் சாவியை எடுக்கும் முன்னாலேயே ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிற்பான். வகுப்பில் என்ன சொல் சொல்லிக்கொடுப்பார்கள், அதை வைத்து வேலுவை எந்தக் கிரகத்துக்கு அனுப்பலாம் என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவான், அதுவும் தமிழில். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, வேலுவைப் பற்றி மட்டும் தமிழில்தான் பேசுவான், ஏனென்றால் வேலுவுக்கு ஆங்கிலம் தெரியாதாம். இந்தப் புதன்கிழமை நோட்டைத் தூக்கிப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், அவன் கைக்கு எட்டாத இடத்தில், நாற்காலி போட்டு ஏறி வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "இனிமே தமிழ் கிளாஸ்ல சும்மா உக்காந்துக்கிறேன்" என்றான். சும்மா உட்காரும் பிள்ளைதான் உங்களுக்கு வேண்டுமா?

நான் கேட்பது இவைதான்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பாட நேரத்தில் படம் வரையக் கூடாது என்று விதி வைத்தே ஆக வேண்டும் என்றால் வையுங்கள், ஆனால் தாளைப் பறிக்கும் வரியை எடுத்துவிடுங்கள். நோட்டை மூடச் சொன்னால் பிள்ளை மூடும். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையின் நோட்டிலிருந்தும் தாளைக் கிழிக்கக் கூடாது என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

காமிக்ஸ் புத்தகங்களை அலமாரியில் திரும்ப வையுங்கள். எந்தப் புத்தகமாவது வயதுக்குப் பொருந்தாது என்று தோன்றினால் அதன் பெயரைச் சொல்லுங்கள், பெற்றோர் கூட்டத்தில் பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுவோம். ஒட்டுமொத்தமாகப் பெட்டியில் கட்டி வைக்காதீர்கள். தமிழ் காமிக்ஸ் இன்னும் பத்து வாங்க நான் பணம் தருகிறேன். சிவகாசியிலிருந்து வரவழைத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

ஆண்டு மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று தெரியும். என் மகனுடையது மட்டுமில்லாமல், படக்கதை கொடுத்த எல்லாப் பிள்ளைகளின் பக்கங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பக்கம் கூடினால் ஆகும் செலவில் என் பங்கையும் கொடுக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் படக்கதைக்கு ஒதுக்குங்கள். அன்று கற்ற சொற்களில் ஐந்தையாவது பேச்சுக் குமிழுக்குள் எழுத வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். நடத்த ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன், எல்லா நிலை வகுப்புகளுக்கும்.

அப்புறம், அந்த நான்கு தாள்கள். அவை குப்பைக்குப் போகவில்லை, பள்ளி அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்னிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், தபாலிலும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கும் முன், கிழித்தவரே அவற்றை ஒரு முறை படித்துவிட்டு, என் மகன் கையில் கொடுக்க வேண்டும். பூதம் ஏன் அழுதது என்று அவனிடம் கேட்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை மாணவன் ஒருவனின் அம்மா,
ஒஹையோ